வைத்துக்கொள்ள வேண்டாமா

ஒரே ஓர் எழுத்தை அழுத்தியதற்காக ஒருத்திக்கு வேலை போகவிருந்தது. அந்த எழுத்து ‘ஆ’. அவள் வேலை பார்த்த இடம் பல் ஆஸ்பத்திரி. அங்கே வருகிறவர் போகிறவர் எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ‘ஆ’ என்றுதான் வாயைத் திறக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. இவள் ஒரு தரம் சொன்னாள், வினையாகிப் போனது.

இதில் என் மருமகள் எங்கிருந்து வந்தாள் என்று கேட்பீர்கள். அந்த ‘ஆ’வைக் கேட்டு வாங்கிய புரோகிராம் அவள் ஆபீசில் செய்தது. அதைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வெளியே விட்டவளும் அவள்தான்.

அவள் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் தலையும் புரியாது வாலும் புரியாது. எனக்கே ரொம்ப நாள் புரியாமல்தான் இருந்தது. கீழே டயர் கடை, மேலே இவர்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். அங்கே செய்கிற புரோகிராம்களில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வெறும் கருப்புத் திரை. நாம் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் எழுதும். கமாண்ட் லைன் என்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் எவ்வளவு பழைய கம்ப்யூட்டரிலும் முனகாமல் ஓடும் என்பதால் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள்.

அதைச் சோதிப்பதற்கு மருமகள் ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு புரோகிராம் எழுதுவாள். அது ஓர் ஆள் மாதிரி நடிக்கும். காலியாக ஒரு ஃபோல்டரைத் திறக்கும், அதில் பொய்யாகச் சில படங்களைப் போடும், நிஜப் புரோகிராமை எழுப்பிவிட்டு அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் தட்டும். திரையில் என்னென்ன வந்தது, வரவேண்டியதுதான் வந்ததா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடும். படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். கடைசியில் ஃபோல்டரைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடும். முதலிலிருந்து முடிவுவரை ஆள் செய்கிற அத்தனையும் செய்து பார்ப்பதால் அதற்கு எண்ட் டு எண்ட் டெஸ்ட் என்று பெயர். எல்லாம் ஒத்துப்போனால் பச்சை. ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு.

அந்தப் புள்ளிதான் அவள் உயிரை வாங்கும். யாரோ ஒரு வாக்கியத்தில் கூடுதலாக ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள், நாற்பது டெஸ்ட் சிவப்பாகும். இவள் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய வரியை எடுத்துவிட்டுப் புதிய வரியை ஒட்டுவாள். பச்சையாகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைக்கும்போது, இன்று முழுக்க ஒரு காற்புள்ளியோடு மல்லுக்கட்டினேன் அத்தை என்பாள். வேறு வீடாக இருந்தால் மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னாள், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த டெஸ்ட் ஆள் இருக்கிறானே, அவனுக்கு அவசரம் ஜாஸ்தி. கேள்வி வருகிறவரை காத்திருக்கமாட்டான். புரோகிராம் வாயைத் திறக்கிறதற்கு முன்னாலேயே பதிலைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிடுவான். கேள்வி என்னவாக இருந்தாலும் அவன் பதில் ஒன்றுதான். அப்படி ஓர் ஆள் நம் வீட்டிலும் இருக்கிறான் என்று என் மகனைக் காட்டினேன். அவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் சரி சரி என்றான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாளை எல்லாரும் ஸ்கேன் அக்கா என்று கூப்பிடுவார்கள். தாடையைப் படம் பிடிப்பாள். வாரக் கடைசியில் அந்தப் படங்களையெல்லாம் மொத்தமாகப் பல் செட் செய்கிற இடத்துக்கு அனுப்புவாள். அனுப்புவது நம் கருப்புத் திரைப் புரோகிராம். ஒழுங்காகப் போன படங்களை அதுவே துடைத்துவிடும். போகாமல் நின்ற படங்கள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும். சில படம் மங்கலாக, பாதியில் நின்றுபோனதாக இருக்கும் அல்லவா, அதற்காக.

ஒரு வாரக் கடைசியில் நெட் படுத்துவிட்டது. ஒரு படமும் போகவில்லை. புரோகிராம் கேட்டது, ஸ்கேன் அக்கா ‘ஆ’ தட்டினாள், ஒரு வாரத்துத் தாடைகள் அத்தனையும் காற்றோடு போயின. இந்த மாதிரிப் புரோகிராம் அழித்தால் குப்பைத் தொட்டியில்கூட விழாதாம். போனது போனதுதான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு புதுப் பல்லுக்காகக் கஞ்சி குடித்துக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய டாக்டர் குதித்தார். கேள்வி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதானே அழித்திருக்கிறது, நீதானே அழிக்கச் சொல்லியிருக்கிறாய் என்றார். இவளோ, நான் வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன் என்றாள். தப்பும் செய்துவிட்டுப் பொய்யும் சொல்கிறாள் என்று ஆகிப்போனது. தப்புக்குக்கூட மன்னிப்பு கிடைத்திருக்கும். பொய் என்று பெயர் வந்துவிட்டதே, அதுதான் வேலைக்கு உலை வைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து இவர்கள் ஆபீசுக்குக் கேட்டு எழுதினார்கள். உங்கள் புரோகிராம் ஒழுங்காகத்தான் வேலை செய்ததா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதை வைத்து அந்த அம்மாளை என்ன செய்வது என்று முடிவெடுக்கிறோம் என்று. மேனேஜர் மருமகளைக் கூப்பிட்டு, நம் டெஸ்ட் எல்லாம் பச்சைதானே, அரைப் பக்கம் எழுதிக்கொடுத்துவிடுங்கள் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னாராம். அவருக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய தலைவலிகள் இருந்தன.

இவளும் சாதாரணமாகத்தான் உட்கார்ந்தாள். டெஸ்டை இன்னொரு தரம் ஓட்டினாள். பச்சை. எழுத ஆரம்பித்தாள். இன்ன நிலையில் புரோகிராம் இன்ன கேள்வியைக் கேட்கும் என்று எழுதவேண்டி வந்தது. டெஸ்டிலிருந்து அந்த வரியை எடுத்து லெட்டரில் ஒட்டினாள்.

‘அனுப்ப முடியாத படங்கள் உள்ளன. அவற்றை வைத்துக்கொள்ள வேண்டாமா? (ஆ / இ)’

ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனவள் திரும்பி வந்தாளாம். அந்த வாக்கியத்தை அவள் எத்தனை நூறு தரம் பார்த்திருப்பாளோ. ஆனால் அன்றைக்குத்தான் படித்தாள். டெஸ்டுக்குள் இருக்கிறவரை அது வாக்கியமே இல்லை, ஒத்துப்போகிறதா இல்லையா என்று பார்க்கிற எழுத்து வரிசை, அவ்வளவுதான். லெட்டரில் நாலு வாக்கியத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்ததும் அது யாரோ யாரிடமோ கேட்கிற கேள்வியாகிவிட்டது.

‘ஆ’ என்றால் ஆமாம், ‘இ’ என்றால் இல்லை. வைத்துக்கொள்ள வேண்டாமா? ஆமாம். ஆமாம் என்றால் என்ன? வேண்டும் என்றா, வேண்டாம் என்றா?

முதலில் அந்த இடத்தில் வேறு வாக்கியம் இருந்தது. ‘அழித்துவிடவா?’ என்று. அதற்கு ‘ஆ’ என்றால் அழி, ‘இ’ என்றால் விடு. குழப்பமே கிடையாது. ஆனால் அழித்துவிடவா என்று திரையில் வந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயந்துபோய் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு ஓடினார்களாம். கொஞ்சம் பதமாகக் கேட்கக் கூடாதா என்று சொல்லி அனுப்பினார்கள். புரோகிராம் எழுதுகிற பையனுக்கு அங்கே பொறுமை என்று பெயர், எதைக் கேட்டாலும் பொறுங்க அக்கா, பொறுங்க சார் என்பான், அதனால். அந்தப் பொறுமை கேள்வியைப் பதமாக்கினான். பதிலை அப்படியே விட்டுவிட்டான். டெஸ்ட் சிவப்பாயிற்று. மருமகள் வழக்கம்போலப் பழைய வரியை எடுத்துவிட்டுப் புதிய வரியை ஒட்டினாள். பச்சையாயிற்று. அதற்கப்புறம் நெட்டும் படங்களும் ஒழுங்காக இருந்ததால் அந்தக் கேள்வி வெளியே தலைகாட்டவே இல்லை. ஸ்கேன் அக்காவிடம்தான் முதல் தரமாக வந்து நின்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகம் கழுவக்கூடப் போகவில்லை. வாசலில் என்னுடைய பழைய செருப்பு கிடந்தது, வார் பிய்ந்தது. அதைக் காட்டி, “அத்தை, இதை வெச்சுக்க வேண்டாமா?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

“ஆமான்னா?”

“ஆமான்னா வெச்சுக்கணும். தைச்சுப் போட்டுக்கலாம்ல. ஏம்மா, உனக்கு அது இடத்தை அடைக்குதா?”

அவள் உள்ளே போய் என் மகனிடம் அதே செருப்பைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டாள். அவனும் ஆமா என்றான். என்னடா ஆமா என்று நான் கேட்டேன். ஆமா வேண்டாம், தூக்கிப் போடு என்றான். எனக்கு வந்ததே கோபம். நான் பெற்ற பிள்ளை, என்னிடம் பேச்சுப் பழகிய பிள்ளை, ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்லிவிட்டு என் செருப்பைத் தூக்கிப் போடச் சொல்கிறான். நாங்கள் ரெண்டு பேரும் செருப்பைப் பிடித்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் சண்டை போடுவது அவளுக்கு வேதனையாக இருக்கிறதோ என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் ஆபீசில் பொறுமையிடம் காட்டினாள். அவன் வாக்கியத்தை ரெண்டு தரம் படித்துவிட்டு, எனக்கு இது ‘வேண்டாம்தானே’ என்று கேட்கிற மாதிரிதான் இருக்கிறது அக்கா என்றான். பக்கத்து நாற்காலிக்காரன் இல்லையே, வைத்துக்கொள்ளத்தானே சொல்கிறது என்றான். சாப்பிட வேண்டாமா என்று உன் அம்மா கேட்டால் சாப்பிடாதே என்றா அர்த்தம் என்று அவன் கேட்க, எங்க அம்மா அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள், தட்டை வைத்துவிடுவார்கள் என்று இவன் சொல்ல, கொஞ்ச நேரம் ஆபீசே ரெண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. கீழே டயர் கடைவரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்களாம். அங்கேயும் ரெண்டு கட்சி.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். அந்த ஆஸ்பத்திரிக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருந்தன. அதை விட்டால் இவர்கள் ஆபீசில் பாதிப் பேர் வீட்டில் உட்காரவேண்டியதுதான்.

“டெஸ்ட் பாஸ் ஆகுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஆகுது சார்.”

“அப்ப அதை எழுதுங்க. எப்படிச் செஞ்சோமோ அப்படித்தான் வேலை செஞ்சுதுன்னு. அது பொய்யா?”

“பொய் இல்லை சார். அதான் கஷ்டமா இருக்கு.”

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். அந்த வரியை ஒட்டிப் பச்சையாக்கினது யார் என்று ரெக்கார்டில் இருக்கும், உங்களுக்கும் நல்லதில்லை, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லையாம், அவருக்கே அலுப்பாக இருந்த மாதிரி இருந்ததாம்.

அவள் எழுதினாள், அழித்தாள். எழுதினாள், அழித்தாள். புரோகிராம் வடிவமைத்தபடியே செயல்பட்டது என்று ஒரு வரி. அதில் ஒரு பிசகும் இல்லை. அதை அனுப்பினால் அந்தம்மாள் பொய்க்காரி என்பது உறுதியாகிவிடும். கடைசியில் அவளோடு ஒரு தரம் பேசிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஸ்கேன் அக்காவைக் கேட்டாள்.

அந்த அம்மாள் உடனே வரவில்லை. யார் யாரோ எடுத்து, காத்திருங்கள் என்று சொல்லி, நடுவில் ஒருமுறை போனே கட்டாகி, அப்புறம் வந்தாள். குரல் கட்டியிருந்ததாம். படம் அழிந்துபோனவர்களுக்கெல்லாம் அவளைத்தான் போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். மறுபடி வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி, ஒவ்வொருவரிடமும் திட்டு வாங்கி, தொண்டை போயிருந்தது. மருமகள் தான் இன்னார் என்று சொன்னதும், கம்ப்யூட்டர் கம்பெனியா என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு என்ன நடந்தது, ஒரு தரம் சொல்ல முடியுமா அக்கா என்று இவள் கேட்டாள்.

“எத்தனை தடவைம்மா சொல்றது? வெச்சுக்க வேண்டாமான்னு கேட்டுச்சு. பின்ன, வெச்சுக்காம? ஆமான்னு போட்டேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான் பார்த்தது வேற, அங்க இருந்தது வேறயோன்னு. எல்லாரும் சேர்ந்து சொல்றப்ப நான்தான் தப்போன்னு தோணுது.”

“அப்படி இல்லைக்கா...”

“விடும்மா. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா மரியாதையா அனுப்பிடறோம்ங்கறாங்க. எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். பேசிப் பேசி வாய் வலிக்குது.”

தான் பார்த்ததை அந்தம்மாள் ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறாள். அதைப் படிக்காமல் விட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து, நீ பார்க்கவே இல்லை என்று அவளையே நம்ப வைத்துவிட்டார்கள். நாளைக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீங்க அக்கா என்று கெஞ்சிவிட்டு வைத்தாளாம். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை லெட்டர் தயாராகவில்லை என்றதும் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, வீடியோவில் நானே பேசிக்கொள்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், கேட்டால் மட்டும் பேசுங்கள் என்றார். திரையில் பெரிய டாக்டர், அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கணக்குப் பார்க்கிறவர், பின்னால் சுவரோரமாக ஒரு நாற்காலியில் ஸ்கேன் அக்கா. அவள் முகம் பாதிதான் தெரிந்ததாம். மேனேஜர் பூசி மெழுகிப் பேசினார். நடந்ததற்கு வருந்துகிறோம், சோதனைகள் எல்லாம் தேறியிருக்கின்றன, புரோகிராம் வடிவமைத்தபடியே நடந்துகொண்டது. பெரிய டாக்டர் கணக்குக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் ஒரு பேப்பரை எடுத்துப் பின்னால் நீட்டினார். ஸ்கேன் அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள்.

“டாக்டர், அந்தக் கேள்வியை உங்ககிட்ட ஒரு தடவை கேக்கலாமா?” என்றாள் என் மருமகள்.

வீரமெல்லாம் ஒன்றும் இல்லை அத்தை, எழுதி எழுதி அழித்து எனக்கே அலுத்துப்போயிருந்தது, அதனால்தான் வாய் தானாகப் பேசிவிட்டது என்று பின்னால் சொன்னாள். மேனேஜர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாராம். மிதித்தது அவர் நினைத்த கால் இல்லை, மேஜைக்கால்.

பெரிய டாக்டர் என்ன கேள்வி என்றார். இவள் தன் திரையை அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். டெஸ்டுக்கு வைத்திருக்கிற பொய்ப் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருந்தன, எல்லாம் ஒரு பூனை. இதெல்லாம் தாடை என்று வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர் என்றாள். படங்கள் எங்கே போகவேண்டுமோ அந்த முகவரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டுப் புரோகிராமை ஓட்டினாள். ஆபீசில் அதை அவள் கையால் ஓட்டுவதே அபூர்வம், எப்போதும் அந்த அவசரக்கார டெஸ்ட் ஆள்தான் ஓட்டுவான். படங்கள் ஒவ்வொன்றாகப் போகமாட்டேன் என்றன. கேள்வி வந்து நின்றது.

“நான் என்ன தட்டட்டும் டாக்டர்?”

“ஆ தட்டுங்க. போகலைன்னா வெச்சுக்கத்தானே வேணும்” என்றார் அவர்.

தட்டினாள். ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். பூனை ஒன்றுகூட இல்லை.

கணக்குக்காரர், நீங்கள் ‘இ’ என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும், வேண்டாமா என்றுதானே கேட்டது என்று ஆரம்பித்தார். ‘இ’ன்னா இல்லை, வேண்டாம்னுதானே ஆகும் என்றார் டாக்டர். இல்லை, இல்லைன்னா இல்லை வேணும்னு அர்த்தம் என்றார் இவர். எங்கள் வீட்டுச் செருப்புச் சண்டையை அவர்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போட்டார்கள். பின்னால் இருந்த ஸ்கேன் அக்கா பேனாவை எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் முகம் முழுசாகத் தெரிந்ததாம், கொஞ்சம் முன்னால் சாய்ந்து வந்திருந்தாள்.

“இதை யார் பார்த்துட்டு சரின்னு விட்டது?” என்று டாக்டர் கேட்டார்.

“நான்தான் டாக்டர். வரி ஒத்துப்போகுதான்னு பார்த்தேன். என்ன கேக்குதுன்னு பார்க்கலை.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் திரும்பாமலே, அந்தப் பேப்பரைக் கொடுத்துவிடும்மா என்று கையை மட்டும் நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வா என்றார்.

ஆஸ்பத்திரி இவர்களை விட்டுப் போகவில்லை, ஆனால் அந்த வருஷ ஒப்பந்தத்துக்கு மேல் நீட்டிப்பதைப் பற்றிப் பேசமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் மருமகளை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை, காலையில் வைக்கிற வணக்கத்துக்குக்கூடப் பதில் இல்லை. புரோகிராமில் இருக்கிற கேள்விகள் அத்தனையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதிக்கொடு என்று பொறுமை வழியாகச் சொல்லி அனுப்பினார். அது தண்டனையா வேலையா என்று அவளுக்கே தெரியவில்லை. நாள் முழுக்கத் தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொண்டு, தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு, கழுத்து வலியோடு வருவாள். நான் தைலம் தேய்த்துவிடுவேன்.

புதிய புரோகிராமைப் போட்டுக்கொடுக்க அவளையே ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் அறை ரொம்பச் சின்னது, ஜன்னல் இல்லை, மிஷின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. படம் போனவர்களில் மீதமிருந்தவர்கள் அன்றைக்கு வந்திருந்தார்கள். ஒரு பெரியவர், போன தரம் காட்டின அதே வாய்தான், அதற்குள் என்ன மாறிவிட்டது என்று கேட்டுக்கொண்டே வாயைத் திறந்தார். ஸ்கேன் அக்கா தாடையைப் பிடித்து, தலையை நிமிர்த்தி, அசையாதீங்க என்பதோடு சரி.

மருமகளிடமும் நன்றி கின்றி என்று ஒன்றும் இல்லை. உங்கள் புரோகிராம் நடுவில் ஏன் பேசாமல் நிற்கிறது, ஓடுகிறதா செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். எழுத்து ஏன் இவ்வளவு பொடியாக இருக்கிறது என்று கேட்டாள். பக்கத்து அறைக்காரி கூப்பிட்டபோது, கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள், இப்போது வரமாட்டேன் என்றாள். மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இவ்வளவு காலமாக அந்தப் புரோகிராமை ஒரு நிஜ ஆள் பயன்படுத்தி அவள் பார்த்ததே இல்லையாம்.

சாயங்காலம் கடைசி ஆளும் போனபிறகு, அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றாள் மருமகள். ஸ்கேன் அக்கா முதலில் எல்லாப் படத்தையும் வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். எடுத்து வைத்தார்கள். மருமகள் நெட் வயரைப் பிடுங்கினாள். படங்கள் நின்றன. புதிய வாக்கியம் வந்தது.

‘சில படங்கள் போகவில்லை. வை என்று தட்டினால் இங்கேயே இருக்கும். நீக்கு என்று தட்டினால் திரும்பக் கிடைக்காது.’

ஸ்கேன் அக்கா அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். மறுபடி படித்தாள். கீபோர்டை இவள் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே தட்டுங்க.”

“நான் தட்டினா அது டெஸ்டுதான் அக்கா. இது நீங்க தட்டணும்.”

“எனக்குக் கை வரலைம்மா.”

மருமகள் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து அறையில் யாரோ பக்கெட்டைத் தரையில் வைக்கிற சத்தம், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிற சத்தம். திரையில் அந்த ரெண்டு வரியும் அப்படியே நின்றன. ஸ்கேன் அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு விரலால் ‘வை’ என்று தட்டினாள். எழுதினதைப் பார்த்தாள். பிறகு என்டரைத் தட்டிவிட்டு, திரை என்ன சொல்கிறது என்றுகூடப் பார்க்காமல் நேரே ஃபோல்டரைத் திறந்தாள்.

எல்லாம் இருந்தன. ஒன்றைத் திறந்தாள், யாருடையதோ கீழ்த் தாடை. மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். ஃபோல்டரையே மூடிவிட்டு மறுபடி திறந்து, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். மருமகள் நெட் வயரைச் செருகிவிட்டு, அவள் பார்த்து முடிக்கிறவரை நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.